12 வயது பிட்ச்சருக்கு சேஞ்ச்அப்: எந்தப் பிடியில் ஆரம்பிப்பது?

விண்ட்மில் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் 12 வயதுக்குட்பட்டோர் சாஃப்ட்பால் அணியில் பிட்ச் செய்கிறாள், அதாவது பேட்டருக்குப் பந்து வீசுகிறாள். ஃபாஸ்ட்பால் (வேகப் பந்து) மணிக்கு 45 மைலை ஒட்டி வருகிறது, பெரும்பாலும் ஸ்ட்ரைக் (அடிக்கத்தக்க எல்லைக்குள் வரும் பந்து) விழுகிறது. ஆனால் முதல் தடவை திணறுகிற பேட்டர்கள் இரண்டாம் தடவை வரும்போது அவள் வேகத்துக்குப் பழகிவிடுகிறார்கள். அதனால் சேஞ்ச்அப், அதாவது ஃபாஸ்ட்பால் போலவே வீசி மெதுவாக வந்து சேரும் பந்தைப் பழக்கலாம் என்று ஆரம்பித்தோம்.

வீடியோக்களில் ஆளுக்கொரு பிடி சொல்கிறார்கள். வட்டப் பிடி, விரல் கணுப் பிடி, புறங்கை ஃபிளிப் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டாள். ஒன்று, பந்து பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் தலைக்கு மேல் பறக்கிறது. இல்லையென்றால், மெதுவாகப் போட வேண்டுமே என்று கையையே மெதுவாகச் சுற்றுகிறாள். சேஞ்ச்அப் வரப்போகிறது என்று எதிரணி உட்காரும் டக்அவுட்டுக்கே தெரிந்துவிடுகிறது.

அவளுக்குக் கை சின்னது. எந்தப் பிடி சரிவரும்? எந்த வரிசையில் பழக்குவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பந்துக்காரி எழுதியது:

அண்ணா, பிடியை அப்புறம் பார்க்கலாம். கை மெதுவாகச் சுற்றுகிறது என்று சொன்னீர்களே, முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். அது சரியாகாமல் எந்தப் பிடியைக் கொடுத்தாலும் வருவது வெறும் மெதுவான பந்து. பேட்டரை ஏமாற்றுவது கைதான். அதே கைவீச்சு, அதே காலடி, அதே முகம். பந்து மட்டும் தாமதமாக வந்து சேர வேண்டும்.

நான் பழக்குகிற சிறுமிகளிடம், "ஃபாஸ்ட்பாலைவிட வேகமாகக் கையைச் சுற்று" என்றுதான் சொல்வேன். நிஜத்தில் யாரும் அப்படி வேகமாகச் சுற்றிவிடுவதில்லை. ஆனால் மெதுவாக்க வேண்டும் என்ற நினைப்பு போய்விடும், கை ஃபாஸ்ட்பால் வேகத்துக்கே வந்து நிற்கும். "மெதுவாகப் போடு" என்ற சொல்லையே பயிற்சியில் எடுக்காதீர்கள். சேஞ்ச்அப் என்று மட்டும் சொல்லுங்கள்.

அப்படியானால் வேகம் எங்கே குறையும்? ஃபாஸ்ட்பாலில் கடைசி நொடிவரை விரல்கள் பந்துக்குப் பின்னால் இருந்து தள்ளுகின்றன, முன்கை சுழன்று சாட்டையடி கொடுக்கிறது. அந்தக் கடைசித் தள்ளல் பந்துக்குக் கிடைக்காமல் செய்வதுதான் எல்லா சேஞ்ச்அப்பும். பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாக வைத்தாலும் சரி, விரல்களை மடக்கினாலும் சரி, கையைத் திருப்பினாலும் சரி, வேலை ஒன்றுதான். தோளும் முழங்கையும் காலும் இதில் சம்பந்தப்படவே கூடாது.

பழைய கேட்சர் எழுதியது:

பந்துக்காரி மேடம் சொன்னதற்குப் பிறகு பிடி பற்றி என் பங்கு.

10 வயதுக்குட்பட்டோர் ஆடுவது 11 அங்குலச் சுற்றளவுப் பந்து. அதற்கு மேலே போனால் 12 அங்குலம். உங்கள் மகள் இப்போதுதான் பெரிய பந்துக்கு வந்திருப்பாள். வட்டப் பிடியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பந்தின் பக்கவாட்டில் வளையமாகச் சேர வேண்டும், மீதி மூன்று விரல்தான் பந்தைத் தாங்கும். சின்னக் கைக்கு 12 அங்குலப் பந்து அதில் நிற்காது. நழுவிவிடுமோ என்ற பயத்தில் இறுக்கிப் பிடிப்பார்கள், மணிக்கட்டிலிருந்து தோள்வரை விறைத்துப்போகும், கடைசியில் கைவீச்சே மெதுவாகிவிடும். கை வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விரல் கணுப் பிடியில் இரண்டு மூன்று விரல்களை மடக்கி, கணுவையோ நகத்தையோ பந்தில் ஊன்றி, மணிக்கட்டை மடக்காமல் தள்ளிவிட வேண்டும். சீக்கிரம் வந்துவிடும், நேராகவும் போகும். ஆனால் மடங்கிய விரல் வெளியே தெரியும். மூன்றாம் பேஸ் பக்கம் நிற்கிற பயிற்சியாளர் பிட்ச்சர் கையுறைக்குள் விரலை மடக்குவதைப் பார்த்தாலே பேட்டருக்குச் சைகை போய்விடும்.

உள்ளங்கைப் பிடி எல்லாவற்றிலும் சுலபம். பந்தை உள்ளே தள்ளி, எல்லா விரலையும் பரப்பிப் பிடித்து, மணிக்கட்டைப் பூட்டிவிட்டு வீசுவது. வேகம் அவ்வளவாகக் குறையாது என்பதுதான் குறை.

புறங்கை ஃபிளிப்தான் என் தேர்வு. பிடி ஃபாஸ்ட்பாலுடையதே, அதனால் கையுறைக்குள் மாற்ற எதுவும் இல்லை. கை தொடையைத் தாண்டுகிற இடத்தில் கட்டைவிரல் தொடைப் பக்கம் திரும்பி, புறங்கை கேட்சரைப் பார்த்தபடி முன்னால் போகும். விரல்கள் பந்துக்குப் பின்னால் இல்லாததால் தள்ளல் கிடைப்பதில்லை. பழக நாளாகும், ஆரம்பத்தில் பந்து கண்டபடி போகும். ஆனால் கைக்கு வந்துவிட்டால் பெரிய வயது வரை கூட வரும்.

இடக்கை எழுதியது:

நான் கல்லூரி அணியில் பிட்ச் செய்கிறேன். ஃபிளிப் நல்ல பந்து, மறுக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அதையே சொல்வது சரியில்லை. எனக்கு ஃபிளிப் கடைசிவரை கைக்கு வரவில்லை, வட்டப் பிடிதான் வந்தது. சிலருக்கு முன்கையை அவ்வளவு சீக்கிரம் உள்பக்கம் திருப்பும்போது முழங்கை வெளியே விரிந்துவிடுகிறது. அது பேட்டருக்கும் தெரியும், தோளையும் படுத்தும்.

அங்கிள், அவளுடைய ஃபாஸ்ட்பாலைப் பக்கவாட்டில் ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள். பந்தை விடும்போது முன்கை இடுப்பை உரசி, அப்படியே உள்பக்கம் சுழல்கிறதா? அப்படியானால் ஃபிளிப் அவளுக்கு இயல்பாக வரும், ஏனென்றால் எப்படியும் நடக்கிற சுழற்சியைக் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிப்பதுதான் ஃபிளிப். உள்ளங்கை கேட்சரைப் பார்த்தபடி நேராகத் தள்ளி, முழங்கையை மேலே தூக்கி முடிக்கிற பழக்கம் இருந்தால் ஃபிளிப் கஷ்டம். உள்ளங்கைப் பிடியில் ஆரம்பியுங்கள். இன்னொன்று, கையோடு பொருந்தாத பிடியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் போராட விடாதீர்கள். சிறுமிகள் அந்தப் பந்தையே வெறுத்துவிடுவார்கள்.

பந்துக்காரி எழுதியது:

இடக்கை சொன்ன வீடியோ சோதனை நல்ல யோசனை. அதைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

ஃபிளிப்தான் என்று முடிவானால் நான் பழக்குகிற வரிசை இது. முதலில் கேட்சர் வேண்டாம், பிளேட் (பேட்டர் பக்கத்தில் இருக்கும் தட்டு) வேண்டாம். வலைக்கு முன்னால் பத்தடி தூரத்தில் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். கால் ஏற்கெனவே விரிந்து, கை பின்னால் தோள் உயரத்தில் இருக்கட்டும். அங்கிருந்து கீழே வந்து, புறங்கையைத் திருப்பி, விட வேண்டும். சுற்று கிடையாது, காலடி கிடையாது. ஸ்ட்ரைக் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. புறங்கை முன்னால் போகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

பந்து மேலே பறப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கையைத் தாமதமாகத் திருப்புவது. கை இடுப்பைத் தாண்டி மேலே ஏற ஆரம்பித்த பிறகு திருப்பினால் பந்து மேலேதான் போகும். இன்னொரு காரணம், ஃபிளிப் என்ற பேரைக் கேட்டதும் கையை மேல்நோக்கிச் சுண்டிவிடுவது. மேசையைப் புறங்கையால் துடைப்பதுபோலக் கை தாழ்வாகவே கேட்சரை நோக்கி நீள வேண்டும். விட்ட பிறகும் இடுப்புக்கு மேலே ஏறக்கூடாது. காலுக்கு முன்னாலேயே பந்து தரையில் குத்தினால் நேரெதிர்க் கோளாறு: சீக்கிரம் திருப்பி, கையைத் தொடையிலேயே நிறுத்திவிடுகிறாள்.

இது பழகியதும் முழுச் சுற்று, ஆனால் தூரம் அதே பத்தடி. அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய், அவள் வயதுக்கான பிட்ச்சிங் தூரமான 40 அடிக்கு வர வேண்டும். அவசரப்பட்டு முதல் நாளே 40 அடியில் நிறுத்தினால் பந்தை அங்கே கொண்டு சேர்ப்பதில்தான் கவனம் போகும். பிட்ச்சில் கவனம் இருக்காது.

கணக்கு வாத்தியார் எழுதியது:

எவ்வளவு வேகம் குறைய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். காற்றுத் தடையை விட்டுவிடுகிறேன்.

தட்டிலிருந்து 40 அடி தள்ளி நின்றாலும், காலடி எடுத்து வைத்துப் பந்தை விடும்போது தூரம் சுமார் 35 அடிதான். மணிக்கு 45 மைல் என்றால் நொடிக்கு 66 அடி. பந்து வந்து சேர 0.53 நொடி. 35 மைலில் அதுவே 0.68 நொடி. வித்தியாசம் 0.15 நொடிதான், ஏறக்குறைய ஒரு கண் சிமிட்டுகிற நேரம். ஆனால் ஃபாஸ்ட்பாலுக்குக் கணக்குப் போட்ட பேட்டரின் மட்டை தட்டைக் கடக்கும்போது சேஞ்ச்அப் இன்னும் ஏறக்குறைய 8 அடி தள்ளி இருக்கும். மட்டை வெறும் காற்றைத்தான் அடிக்கும்.

இன்னும் மெதுவாக, 25 மைலில் போட்டால் என்ன? பந்து வர 0.95 நொடி. பேட்டர் ஏமாந்து, ஏமாந்ததைத் தெரிந்துகொண்டு, காலை மறுபடி ஊன்றி அடிக்க நேரம் இருக்கிறது. அதனால் மெதுவாக இருந்தால் போதும் என்பது தவறு. இந்த வயதில் 10 மைல் வித்தியாசம் இருந்தால் நல்ல சேஞ்ச்அப்.

இன்னொரு விஷயமும் கணக்கில் வந்தது. புவியீர்ப்பினால் 45 மைல் பந்து வழியில் சுமார் நாலரை அடி இறங்கும், 35 மைல் பந்து ஏழரை அடி வரை இறங்கும். மூன்று அடி வித்தியாசம். ஆக சேஞ்ச்அப் ஃபாஸ்ட்பாலைவிடக் கொஞ்சம் மேல்நோக்கித்தான் கிளம்பியாக வேண்டும். இரண்டுக்கும் கிளம்பும் கோணத்தில் சுமார் 5 டிகிரி வித்தியாசம் வருகிறது. பிள்ளைகள் ஒன்று தரையில் குத்துவதும் இல்லையென்றால் தலைக்கு மேல் விடுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். உடம்பு அந்தக் கோணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பந்துக்காரி எழுதியது:

வாத்தியார் சார், அருமை. அந்த 5 டிகிரியைச் சிறுமியிடம் சொல்லாமல் இருப்பது நல்லது, சொன்னால் கையைத் தூக்க ஆரம்பித்துவிடுவாள். போடப் போட உடம்பே கண்டுபிடித்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு மட்டும் பொறுமை வேண்டும்.

மூன்றாம் பேஸ் எழுதியது:

ஒரு மாற்றுக் கருத்து. 12 வயதில் எதற்கு சேஞ்ச்அப்? இந்த வயதுப் பேட்டர்களில் பாதிப் பேர் ஃபாஸ்ட்பாலுக்கே தாமதமாகத்தான் மட்டையைச் சுற்றுகிறார்கள். தாமதமாகச் சுற்றுகிறவளுக்கு மெதுவான பந்தைப் போட்டால் அவளுடைய குறையை நாமே சரிசெய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். முதலில் வேகம், அப்புறம் நினைத்த இடத்தில் போடுவது, அப்புறம் டிராப் (கடைசியில் கீழே இறங்கும் பந்து). சேஞ்ச்அப் 14 வயதுக்கு மேல் போதும் என்பேன்.

பழைய கேட்சர் எழுதியது:

மூன்றாம் பேஸ் சார், தாமதமாகச் சுற்றுகிறவளுக்குப் போடக்கூடாது என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அது எப்போது போடுவது என்ற கேள்விக்குத்தான் பதில். எப்போது கற்பது என்பது வேறு. ஃபாஸ்ட்பாலைப் பலமாக அடித்து, மூலைக்கோட்டுக்கு வெளியே இழுத்து ஃபவுல் ஆக்குகிறாளே ஒருத்தி, அவள் மட்டை நேரத்துக்கு முன்னாடியே வருகிறது என்று அர்த்தம். சேஞ்ச்அப் அவளுக்காகத்தான். அப்படி இரண்டு மூன்று பேர் எந்த அணியிலும் உண்டு, ஆட்டத்தைத் தீர்மானிப்பதும் அவர்கள்தான்.

டிராப்புக்கு முன்னால் சேஞ்ச்அப் கற்க வேண்டும் என்பேன். டிராப் நன்றாக இறங்க வேகமும் சுழற்சியும் வேண்டும், அதற்கு உடம்பு வலுவாக வேண்டும். சேஞ்ச்அப்புக்கு அந்த வலு தேவையில்லை. 14 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் போனால் பிட்ச்சிங் தூரம் 43 அடிக்குப் போய்விடும். ஃபாஸ்ட்பாலே கொஞ்ச நாள் ஆட்டம் காணும். அந்த நேரத்தில் சேஞ்ச்அப்பையும் புதிதாக ஆரம்பித்தால் பாவம் பிள்ளை.

மூன்றாம் பேஸ் எழுதியது:

43 அடிக்கு மாறுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை, அது நியாயம்தான். ஆனாலும் ஃபாஸ்ட்பால் பயிற்சி நேரத்தைக் குறைத்து இதற்குக் கொடுக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

இடக்கை எழுதியது:

குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம் சார். மொத்தப் பந்துகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கட்டும், அதற்குள்ளேயே கலந்து போடட்டும். கீழ்க்கை வீச்சு தோளுக்கு ஒன்றும் செய்யாது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள், அது உண்மையில்லை. கையை முழு வட்டமாகச் சுற்றும் விண்ட்மில் வீச்சில் தோளின் முன்பக்கமும் பைசெப்ஸும் நிறையச் சுமை தாங்குகின்றன. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யூகிகோ உவெனோ இரண்டு நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்துகள் வீசித் தங்கம் வாங்கிக்கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளாலும் எவ்வளவு வேண்டுமானாலும் வீச முடியும் என்று கணக்குப் போடக்கூடாது. அவர் வளர்ந்த, உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர்.

கலந்து போடுவதில் இன்னொரு லாபம் உண்டு. சேஞ்ச்அப்பை மட்டும் வரிசையாகப் போட்டால் அந்த ஓட்டத்தில் நன்றாக வரும், ஆட்டத்தில் ஃபாஸ்ட்பாலுக்கு அடுத்துப் போடும்போது காணாமல் போய்விடும். இரண்டு ஃபாஸ்ட்பால், ஒரு சேஞ்ச்அப், மறுபடி ஒரு ஃபாஸ்ட்பால் என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் நிற்கும்.

விண்ட்மில் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் இடைவெளி விட்டு எழுதுகிறேன், செய்து பார்த்துவிட்டு வரலாம் என்றுதான்.

வீடியோ எடுத்துப் பார்த்தோம். முன்கை இடுப்பை உரசிச் சுழல்வது தெளிவாகத் தெரிந்தது, அதனால் ஃபிளிப்பையே பிடித்துக்கொண்டோம். பத்தடியில் நன்றாக வருகிறது. மேசை துடைக்கிற உதாரணம் அவளுக்குப் பளிச்சென்று பிடித்துவிட்டது. முழுத் தூரத்தில் பாதிக்குமேல் சரியாகப் போகிறது, மீதி இன்னும் உயரத்தில்தான்.

புதுச் சிக்கல் ஒன்று. பக்கத்து அணிப் பெண் மட்டையோடு நின்று பார்த்துவிட்டு, "எது சேஞ்ச்அப் என்று எனக்கு முன்னாடியே தெரிகிறது, ஆனால் எப்படி என்று சொல்லத் தெரியவில்லை" என்றாள். கைவீச்சு ஒரே வேகம்தான், நானே கவனித்தேன். வேறு என்னவாக இருக்கும்?

பழைய கேட்சர் எழுதியது:

பேட்டர் நிற்கிற இடத்திலிருந்து, வலைக்குப் பின்னால் கைப்பேசியை வைத்துப் படம் எடுங்கள். ஒரு ஃபாஸ்ட்பால், ஒரு சேஞ்ச்அப். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக ஓட்டி, பந்தைப் பார்க்காமல் மற்ற எல்லாவற்றையும் பாருங்கள். கையுறைக்குள் பந்தைப் பிடிக்க எடுத்துக்கொள்கிற நேரம் ஒன்றா? முன்கால் விழுகிற இடம் ஒன்றா? நான் பார்த்த பிள்ளைகளில் அதிகம் காட்டிக்கொடுப்பது கால்தான். கை முழு வேகத்தில் வந்தாலும் காலடி ஒரு சாண் குறைந்துவிடும். மண்ணில் ஒரு கோடு கிழித்து இரண்டு பிட்ச்சுக்கும் கால் அதைத் தாண்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது முகம். சேஞ்ச்அப் வரும்போது உதட்டைக் கடிப்பது, மூச்சைப் பிடிப்பது. சில பெண்கள் ஃபாஸ்ட்பாலுக்கு 'ஹூம்' என்று சத்தம் கொடுப்பார்கள், சேஞ்ச்அப்புக்குக் கொடுக்க மாட்டார்கள். கேட்சராக இருந்தபோது எதிரணிப் பிட்ச்சர்களிடம் நாங்கள் முதலில் கவனிப்பதே அந்தச் சத்தத்தைத்தான்.

விண்ட்மில் அப்பா எழுதியது:

கால்தான்! கோடு போட்டதும் தெரிந்துவிட்டது. சேஞ்ச்அப்புக்குக் கால் கோட்டுக்கு உள்ளேயே விழுகிறது. இப்போது கோட்டைத் தாண்டித்தான் ஊன்ற வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஆச்சரியம் என்னவென்றால், காலடி நீளமானதும் உயரப் போகிற பந்துகளும் குறைந்துவிட்டன.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அணிப் பயிற்சியாளர் ஆட்டத்தில் சேஞ்ச்அப்பைக் கூப்பிடவே மாட்டேன் என்கிறார். கேட்சர் பிடிக்க முடியாத வைல்டு பிட்ச் ஆகி ரன் போய்விடும் என்று பயம். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆட்டத்தில் போடாமல் எப்படி வரும்?

பந்துக்காரி எழுதியது:

கால் குறுகினால் உடம்பு நிமிர்ந்துவிடும், நிமிர்ந்தால் பந்து உயரும். இரண்டும் ஒரே கோளாறுதான், அதனால்தான் சேர்ந்து சரியாகியிருக்கிறது.

பயிற்சியாளரிடம் மொத்தமாகக் கேட்காதீர்கள், சூழலைச் சொல்லிக் கேளுங்கள். பேஸில் ஆள் இல்லை, பேட்டர் மேல் இரண்டு ஸ்ட்ரைக், பால் (எல்லைக்கு வெளியே போன பந்து) ஒன்றும் இல்லை. அங்கே சேஞ்ச்அப் தரையில் குத்தி, பேட்டர் சுற்றாமல் விட்டாலும் ஒரு பால்தான் நஷ்டம். மூன்றாம் பேஸில் ஆள் இருந்தால் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். முதல் பேஸில் ஆள் இருந்தாலும் யோசிக்க வேண்டும். பந்து பிட்ச்சர் கையை விட்டதும் ஓட்டக்காரி கிளம்பலாம், மெதுவான பந்து அவளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்துவிடும். நட்பு ஆட்டங்களில் விளைவைப் பார்க்காமல் பேட்டருக்கு ஒன்று போடட்டும் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான பயிற்சியாளர்கள் அதற்குச் சம்மதிப்பார்கள்.

கேட்சரையும் கூட்டிக்கொள்ளுங்கள். சேஞ்ச்அப் தப்பினால் தாழ்வாகத் தப்ப வேண்டும். உயரத்தில் மிதந்து வருகிற மெதுவான பந்தைத்தான் வேலிக்கு வெளியே அடிப்பார்கள். தாழ்வான பந்தை மார்பால் தடுத்து முன்னால் விழவைக்கிற பயிற்சி கேட்சருக்கு இருந்தால் பிட்ச்சர் பயமில்லாமல் தாழ்வாகப் போடுவாள். கேட்சர் தடுக்க மாட்டாள் என்று தெரிந்தால், தன்னை அறியாமல் பந்தை உயர்த்திவிடுவாள்.

மூன்றாம் பேஸ் எழுதியது:

நான் பயிற்சியாளர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வார்ம்அப்பில் தொடர்ச்சியாகத் தாழ்வாக வந்து விழுவதைக் கண்ணால் பார்த்தால் நானே கூப்பிடுவேன். வாயால் சொல்லிக் கேட்பதைவிட அது பலிக்கும். கேட்சரும் பிட்ச்சரும் ஆட்டத்துக்கு முன் அவர் கண்ணெதிரிலேயே போடட்டும்.

அப்புறம் பிள்ளையிடம் ஒன்று சொல்லி வையுங்கள். கூப்பிட்ட பிறகு சந்தேகத்தோடு போடக்கூடாது. மனசு இல்லையென்றால் தலையை அசைத்து வேறு பந்து கேட்கட்டும், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அரை மனதோடு போட்டால்தான் கை மெதுவாகும்.

விண்ட்மில் அப்பா எழுதியது:

சரி சார், வார்ம்அப்பில் அவர் கண்ணெதிரிலேயே போடச் சொல்கிறேன். கேட்சரின் அம்மாவிடமும் பேசிவிட்டேன், இனி இருவரும் சேர்ந்தே பயிற்சி செய்வார்கள். அந்தப் பெண்ணுக்குத் தாழ்வான பந்தைத் தடுக்கப் பழக்குவது எப்படி என்று தனி இழை ஆரம்பிக்கிறேன். பழைய கேட்சர், அங்கேயும் வந்து எழுதுங்கள்.